கல்லைத் தொடும் முன் படியெடு: பெரம்பலூர், அரியலூர் ஊர்களில் வரலாறு தேடுவோருக்கு

கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது திருமழபாடி. அங்குள்ள வைத்தியநாத சுவாமி கோயிலின் விமானத்தை இடித்துப் புதிதாகக் கட்டும்படி முதலாம் இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013-ஐ ஒட்டி, ஆணையிட்டான். பழைய சுவர்கள் முழுக்கக் கல்வெட்டுகள். சுவர் போனால் அவற்றில் இருந்த கொடைக் கணக்கும் போய்விடும். அதனால் இடிப்பதற்கு முன் அந்த எழுத்துகளை ஒரு புத்தகத்தில் படியெடுத்து வைத்தார்கள். புத்தகம் என்றால் அந்நாளில் ஓலைக்கட்டுதான். கோயில் எழும்பியபின், இராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில், 1026 அளவில், அந்த ஓலையைப் பார்த்துப் புதிய சுவரில் மறுபடியும் வெட்டினார்கள். இப்படிச் செய்தோம் என்பதையும் கல்லிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள். நீங்கள் போனால் அந்தச் சுவரின் முன் நிற்கலாம்.

இந்த அத்தியாயத்தைத் திருமழபாடியில் தொடங்கக் காரணம் இருக்கிறது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இன்று நமக்குத் தெரிகிற பழமையில் பெரும்பகுதி, யாரோ ஒருவர் சரியான நேரத்தில் எழுதி வைத்ததால் தெரிகிறது. எழுதி வைக்காதது எப்படிப் போகும் என்பதற்கும் இந்த மண்ணிலேயே சாட்சி உண்டு.

கும்பகோணத்திலிருந்து கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பேருந்தில் வருகிறவர்கள் அணைக்கரையைத் தாண்டித்தான் வரவேண்டும். கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் ஆங்கிலேயர் கட்டிய கீழணை அது. அதைக் கட்டுவதற்குக் கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் திருச்சுற்று மதிலைப் பிரித்துக் கல்லை எடுத்துப் போனார்கள். ஊரார் தடுத்தார்கள். தடுத்தவர்களுக்குத் தண்டனைதான் கிடைத்தது. கல்மதிலுக்குப் பதில் செங்கல் மதிலாவது கட்டித் தருவோம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வாக்கும் காப்பாற்றப்படவில்லை. இதை 1855-இல் எழுதப்பட்ட ஒரு குறிப்பு வருத்தத்தோடு பதிவு செய்கிறது. அந்த மதிற்கற்களில் என்ன எழுதியிருந்தது என்று இனி யாரும் சொல்ல முடியாது. அணைக்கரைப் பாலத்தின் மேல் வண்டி மெதுவாக ஊரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பயணத்தின் முதல் வரலாற்றுச் சின்னம் அந்தப் பாலம்தான்.

மூன்றாவது சாட்சி நம் காலத்தது. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தானில் ஒரு சோழர் காலச் சிவன் கோயில் பூசையின்றிப் பூட்டிக் கிடந்தது. 2006-இல் அங்கிருந்த நடராசர் செப்புத் திருமேனி திருடப்பட்டது. 2008-இல் கதவைத் திறந்து பார்த்தபோதுதான் களவு போனது ஊருக்கே தெரிந்தது. அதே ஆண்டில் சுபாஷ் கபூர் என்ற கலைப்பொருள் வியாபாரி வழியாக அந்தத் திருமேனி ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்துக்கு ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டிருந்தது. அது எங்கள் ஊர்ச் சாமி என்று எதை வைத்து நிரூபிப்பது? புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1994-இல் ஸ்ரீபுரந்தானுக்கு வந்து எடுத்துப்போன புகைப்படங்கள் இருந்தன. அவைதான் அடையாளம் காட்டின. 2014 செப்டம்பரில் நடராசர் இந்தியா திரும்பினார்.

ஆகவே இந்த வட்டாரத்துக்குச் சுற்றிப் பார்க்க வருகிற ஒவ்வொருவரும் படியெடுக்கவும் வரவேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். பிள்ளைகளைக் கூட்டி வரும் ஆசிரியராக இருந்தாலும் சரி, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்குச் சொந்த ஊர் வந்தவராக இருந்தாலும் சரி. அதற்கு என்ன வேண்டும், எங்கே போகவேண்டும், யாரிடம் எப்படிக் கேட்கவேண்டும் என்பதை இனிப் பார்ப்போம்.

கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை

கெட்டி அட்டை போட்ட நோட்டு, இரண்டு பென்சில், அளவுநாடா, ஒரு நல்ல டார்ச் விளக்கு, கைப்பேசி, தண்ணீர். இவ்வளவுதான். பெரம்பலூர்ப் பக்கத்து வெயில் கடுமையானது. தை, மாசியில் போவது நல்லது. சித்திரை, வைகாசியில் போயே தீரவேண்டும் என்றால் காலை பத்து மணிக்குள் வெளிவேலையை முடித்துவிடுங்கள்.

கல்வெட்டைப் படம் எடுக்கத் தெரிந்துகொள்வது முதல் பாடம். உச்சி வெயிலில் நேருக்கு நேர் நின்று எடுத்தால் எழுத்து தெரியாது. வெட்டின் பள்ளத்தில் நிழல் விழவேண்டும். காலை இளவெயிலும் மாலைச் சாய்வெயிலும் அதைத் தாமாகவே செய்யும். நிழலான சுவர் என்றால் ஒருவர் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்க, இன்னொருவர் படம் எடுக்கவேண்டும். முதலில் முழுச் சுவர், பிறகு வரிவரியாக. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்துப் படத்தோடு ஒரு கை அகலமாவது பொதுவாக இருக்கட்டும். பின்னால் கோத்துப் பார்க்க உதவும். எழுத்து எடுப்பாகத் தெரியட்டும் என்று சுண்ணாம்பு, மாவு, எண்ணெய், சாக்குக்கட்டி எதையும் பூசாதீர்கள். மைப்படி எடுப்பது தொல்லியல் துறையார் அனுமதியோடு பயிற்சி பெற்றவர்கள் செய்யும் வேலை. கருவறைக்குள் படம் எடுக்காதீர்கள். அறநிலையத் துறைக் கோயிலில் செயல் அலுவலரிடமோ குருக்களிடமோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் எடுத்தால் சந்தேகம் வரும். சிலைத் திருட்டைப் பார்த்த ஊர்கள் இவை. சந்தேகப்படுவது அவர்கள் உரிமை.

படிப்பது கடினம் என்று மலைக்க வேண்டாம். சோழர் கால எழுத்தில் புள்ளி பெரும்பாலும் இராது. வடசொற்கள் கிரந்தத்தில் இருக்கும். தொடக்கத்தில் ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்ற மங்கலச் சொல்லைத் தேடுங்கள். அடுத்து ‘கோப்பரகேசரி’ அல்லது ‘கோவிராசகேசரி’ வரும். சோழ மன்னர்கள் மாறி மாறிச் சூடிக்கொண்ட பட்டங்கள் இவை. பிறகு ‘யாண்டு’. அதற்குப் பக்கத்தில் தமிழ் எண். ௧, ௨, ௰, ௱ ஆகிய குறிகளை முன்பே பழகிக்கொண்டு போனால் ஆட்சியாண்டை நீங்களே பிடித்துவிடலாம். முடிவில் ‘பன்மாகேசுவரர் ரக்ஷை’ என்று இருந்தால் சிவனடியார் கூட்டத்தின் காவலில் விட்ட கொடை அது. இந்த நான்கைந்து சொற்களைக் கண்டுபிடித்த பிள்ளை அதற்குப் பிறகு சுவரைச் சும்மா கடந்து போகாது.

கங்கைகொண்ட சோழபுரம்: கோயிலுக்கு வெளியே பாருங்கள்

பெரும்பாலோர் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கோயில் பார்க்க வேண்டியதுதான். ஏறத்தாழ 55 மீட்டர் உயர விமானம். தஞ்சையின் நேர்க்கோட்டு நிமிர்வுக்கு மாறாக உள்வாங்கி வளைந்து எழுகிறது. சண்டேசருக்குச் சிவன் தன் கையாலேயே மாலை சூட்டும் சிற்பத்துக்கு முன் குறைந்தது கால்மணி நேரம் நில்லுங்கள். சூரியனின் தேர் வடிவில் ஒரே கல்லில் அமைந்த நவக்கிரகத்தையும், சிங்க உருவத்துக்குள் படி இறங்கும் கிணற்றையும் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். 2004-இல் இக்கோயிலும் தாராசுரமும் தஞ்சைப் பெரிய கோயிலோடு உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. ஒரு விசித்திரம்: இராசேந்திரன் கட்டிய இக்கோயிலில் நமக்குக் கிடைப்பவற்றுள் காலத்தால் முந்தியது அவன் மகன் வீரராசேந்திரனின் கல்வெட்டுதான். தந்தை கொடுத்தவற்றையும் அதன் வழியாகத்தான் அறிகிறோம்.

ஆனால் கோயில் நகரத்தின் நடு. நகரம் எங்கே போயிற்று? அதைக் கேட்கத் தொடங்கினால் அரை நாள் நடக்க வேலை இருக்கிறது. தென்மேற்கில் மாளிகைமேடு. மாநிலத் தொல்லியல் துறை 1980-களில் இங்கே தோண்டியது. 2021 முதல் மறுபடியும் தோண்டியது. அரண்மனையின் செங்கல் அடித்தளம், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் துண்டுகள் எல்லாம் வெளிவந்தன. சீனத்துப் பீங்கான் இந்தச் செம்மண் மேட்டுக்கு வந்த வழிதான் இராசேந்திரனின் கப்பல்கள் போன வழியும். அவை போய்ச் சேர்ந்த கடாரம் என்று நம் ஏடுகள் சொல்லும் இடம் இன்றைய மலேசியாவின் கெடா.

மாளிகைமேட்டிலிருந்து ஊர்ப் பெயர்களைப் பிடித்துக்கொண்டு நடங்கள். உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி, வானதிரையன்பட்டினம். கோட்டை, படைக்கலம், மன்னனின் மெய்க்காவலர், கோயில் கட்டச் சுண்ணாம்பு அரைத்த இடம் என்று ஊரார் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் ஊரார் சொன்ன பொருள். வலப்பக்கம் கல்வெட்டிலோ அகழாய்விலோ கிடைத்த ஆதாரம். வலப்பக்கம் பல ஊர்களுக்கு வெறுமையாகவே இருக்கும். இருக்கட்டும். ஊர்ப்பெயரை மட்டும் வைத்து வரலாறு எழுதிவிடக்கூடாது. அதற்காக ஊர் சொல்லும் கதையைத் தூக்கி எறியவும் கூடாது.

பிறகு பொன்னேரி. இராசேந்திரன் வெட்டிய சோழகங்கம் இதுதான். கங்கை நீரால் ஆன வெற்றித் தூண் என்று இந்த ஏரியைத் திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றுகிறது. கல்தூண் நாட்டாமல் குளம் வெட்டியவனை எனக்கு மிகவும் பிடிக்கும். பதினாறு மைல் நீளக் கரை இருந்ததாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்பு சொல்கிறது. கரைமேல் நடந்து, மதகு எங்கே, கலிங்கு எங்கே, வரத்து வாய்க்கால் எந்தப் பக்கம் வருகிறது என்று ஒரு படம் வரையுங்கள். இதற்கு வரலாற்றுப் பேராசிரியர் உதவமாட்டார். அந்த ஏரிப் பாசனத்தில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்தான் உதவுவார்.

ஊர்மக்களைச் சேர்த்துப் பார்க்க இரண்டு நாட்கள் உண்டு. ஆடித் திருவாதிரை, இராசேந்திரன் பிறந்த விண்மீன். ஐப்பசிப் பௌர்ணமி, பதின்மூன்று அடி உயர இலிங்கத்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி வடித்து அன்னாபிஷேகம். பேட்டி எடுக்க அந்த நாட்கள் உதவா. அறிமுகம் செய்துகொள்ள உதவும். பேச்சை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பழுவூரில் நாவலை மூடி வையுங்கள்

அரியலூரிலிருந்து தஞ்சை போகும் சாலையில் கீழப்பழுவூர். அங்கிருந்து மேலப்பழுவூரும் கீழையூரும் பக்கம். கல்கியின் பொன்னியின் செல்வனைப் படித்துவிட்டு வருகிறவர்கள் பெரிய பழுவேட்டரையரின் அரண்மனையைத் தேடுகிறார்கள். கல்கி காட்டிய அந்த அண்ணன் தம்பியை இங்கே தேடினால் ஏமாற்றம்தான். உண்மைப் பழுவேட்டரையர்கள் வேறு விதத்தில் சுவையானவர்கள். முதலாம் பராந்தகன் பழுவேட்டரையர் குலத்துப் பெண்ணை மணந்தான் என்றும், அவள் தந்தை சேரநாட்டு வழியினர் என்றும் அன்பில் செப்பேட்டால் தெரிகிறது. பாண்டியனும் ஈழத்துப் படையும் எதிர்த்து நின்ற வெள்ளூர்ப் போரில் கண்டன் அமுதன் என்ற பழுவேட்டரையர் வென்றதற்காக ஒருவர் கீழப்பழுவூர்க் கோயிலில் விளக்கு வைத்தார். அந்தச் செய்தி கல்லில் இருக்கிறது. போரை மன்னனின் மெய்க்கீர்த்தி வழியாகப் படிப்பது ஒன்று. தன் தலைவன் உயிரோடு திரும்பியதற்கு ஒருவர் ஏற்றிய விளக்கு வழியாகப் படிப்பது வேறு.

கீழையூரில் ஒரே வளாகத்தில் இரண்டு கோயில்கள், அவனிகந்தர்வ ஈசுவர கிருகம். சிங்கம் தாங்கும் தூண்கள், விமானத்தின் அடக்கமான உயரம், அதிகக் கூட்டம் இல்லாத அமைதி. முற்சோழர் கலை என்றால் என்ன என்று கேட்கும் மாணவரை நான் தஞ்சைக்கு அனுப்பமாட்டேன், கீழையூருக்குத்தான் அனுப்புவேன். டாக்டர் இரா. கலைக்கோவன் எழுதிய ‘பழுவூர்ப் புதையல்கள்’ நூலை நூலகத்திலிருந்து எடுத்துப்போய் சுவரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கண் மருத்துவர் ஒருவர் ஓய்வுநேரத்தில் கல்வெட்டு படித்து எழுதிய நூல் அது. வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவர்கள்தான் இந்த வேலைக்கு வரவேண்டும் என்பதில்லை.

திருமழபாடியையும் பழுவூரையும் ஒரே நாளில் பார்க்கும்போது நடுவில் ஏலாக்குறிச்சிக்கும் போய்வாருங்கள். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் இந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, இங்குள்ள அடைக்கல மாதா மேல் கலம்பகம் பாடினார். அரியலூர் மழவராயருக்கு வந்த இராசபிளவை இங்கே தீர்ந்ததாகவும், அதற்கு அவர் நிலம் கொடுத்ததாகவும் தலத்தார் சொல்வார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. திருமழபாடி என்ற பெயரிலும் மழவர் இருக்கிறார்கள். செம்பியன் மாதேவி பிறந்ததும் மழவர் குடி. அரியலூர்ப் பாளையக்காரரும் மழவராயர். பெயர் ஒன்றாக இருப்பதால் எல்லாரும் ஒரே வம்சம் என்று நோட்டில் எழுதிவிடாதீர்கள். எத்தனையோ நல்ல ஊர் வரலாறுகள் கெட்டுப்போனது இந்த இடத்தில்தான்.

பெரம்பலூர்ப் பக்கம்

சென்னை நெடுஞ்சாலையில் பெரம்பலூருக்கு வடக்கே வாலிகண்டபுரமும் ரஞ்சன்குடிக் கோட்டையும். தினமும் ஆயிரக்கணக்கான கார்கள் இந்தக் கோட்டையைக் கடந்து போகின்றன. நிற்பது மிகச் சில. வாலிகண்டபுரத்தில் வாலீசுவரர் கோயிலையும் பழைய பள்ளிவாசலையும் ஒரே நடையில் பாருங்கள். பதினேழாம் நூற்றாண்டில் பிஜப்பூர் சுல்தானின் ஆளுநர் ஷேர்கான் லோடி இங்கிருந்துதான் ஆண்டார். பிரெஞ்சுக்காரர்களுக்குப் புதுச்சேரியில் 1673-ஐ ஒட்டி இடம் கொடுத்தவர் அவர். புதுச்சேரியின் கதை வாலிகண்டபுரத்தில் தொடங்குகிறது என்று சொன்னால் மிகையில்லை.

ரஞ்சன்குடிக் கோட்டையில் அகழியையும் அடுக்கடுக்கான மதிலையும் சுற்றிவிட்டு மேலே ஏறினால், இந்தச் சமவெளியில் யார் வந்தாலும் ஏன் முதலில் இந்த மேட்டைப் பிடிக்க நினைத்தார்கள் என்பது புரியும். 1751-இல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் ஒரு பக்கம், முகமது அலியும் ஆங்கிலேயரும் மறுபக்கம் என இங்கே மோதினார்கள். ஆங்கிலேயப் படையில் இளைஞன் ராபர்ட் கிளைவும் இருந்தான். வென்றது யார் என்பதில் ஆளுக்கொரு பேச்சு உண்டு. ஆங்கிலேயத் தரப்பின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆர்மே, தம் படை குலைந்து பின்வாங்கியதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். தோற்ற பக்கத்தார் தாங்களே எழுதி வைத்ததை நான் அதிகம் நம்புவேன். சுரங்கப்பாதை பற்றிக் கேட்டால் ஊருக்கு ஊர் கதை வரும். எழுதுங்கள், இடப்பக்கப் பத்தியில்.

பெரம்பலூர் நகரத்துக்குள் இன்று கரைந்துவிட்ட துறைமங்கலம், நன்னெறி பாடிய சிவப்பிரகாசரின் ஊர். அங்கே பெரிய கட்டடம் எதையும் எதிர்பார்த்துப் போகவேண்டாம். ஒரு தெருப் பெயர், ஒரு மடத்தின் நினைவு இவற்றைக் கேட்டுத் தேடவேண்டும். உ.வே. சாமிநாதையரின் இளமைக் கல்வியும் இந்த வட்டாரத்தில்தான். அரியலூர்ச் சடகோபையங்கார், கார்குடி கஸ்தூரி ஐயங்கார், செங்கணம் விருத்தாசல ரெட்டியார் என்று அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர்கள் இவ்வட்டாரத்தவர்கள். குன்னத்திலும் அவர் குடும்பம் தங்கியிருந்தது. ‘என் சரித்திரம்’ நூலின் முதல் பகுதியைப் படித்துவிட்டு இந்த ஊர்களுக்குப் போங்கள். பின்னாளில் சுவடி தேடி அலைந்து, படியெடுத்து, ஒப்பிட்டுச் சங்க இலக்கியத்தைப் பதிப்பித்த மனிதர், யாப்பிலக்கண நூலான காரிகை கற்க நடந்த பாதைகள் இவை.

யாரிடம், எப்படிக் கேட்பது

இந்த அத்தியாயத்தில் மிக முக்கியமான பகுதி இதுதான். கோயிலும் கோட்டையும் காத்திருக்கும். ஆட்கள் காத்திருக்கமாட்டார்கள்.

1956 நவம்பர் 23 விடியற்காலை, அரியலூருக்கும் கல்லகத்துக்கும் நடுவே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் உடைந்து தூத்துக்குடி விரைவு வண்டி ஆற்றில் விழுந்தது. 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். பாடப்புத்தகம் இதோடு முடித்துக்கொள்ளும். அன்று ஆற்றங்கரைக்கு ஓடியவர்கள் யார், காயம்பட்டவர்களை எந்த வண்டியில் ஏற்றினார்கள், அந்த ஆண்டு மழை எப்படி இருந்தது என்பதெல்லாம் கரையோர ஊர்களில் இன்னும் சிலருக்கு நினைவிருக்கும். அன்று பத்து வயதாக இருந்தவருக்கு இன்று எண்பதை நெருங்கிய வயது. வேறெந்த இடத்தைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேட்கும்போது ‘உங்க ஊர் வரலாறு சொல்லுங்க’ என்று தொடங்கினால் பெரியவர்கள் தயங்குவார்கள். ‘அதெல்லாம் படிச்சவங்களக் கேளுங்க தம்பி’ என்று ஒதுங்குவார்கள். கைக்கு அகப்படும் ஒன்றைக் கேளுங்கள். ‘அய்யா, இந்த ஏரிக்கு எத்தனை மதகு? எந்த மதகு முதல்ல திறப்பாங்க?’ ‘அப்பாயி, நீங்க கல்யாணம் ஆகி வந்தப்ப தண்ணி எந்தக் கிணத்துல எடுத்தீங்க?’ கிணறு என்று ஆரம்பித்தால் யார் எடுக்கலாம், யார் எடுக்கக்கூடாது என்ற கதையும் வரும். அதுவும் வரலாறுதான், கோயில் கல்வெட்டுக்குக் குறைந்ததில்லை. கோயில் தெருவில் மட்டும் கேட்டுவிட்டு ஊர் வரலாறு எழுதினேன் என்று சொல்லாதீர்கள். காலனிக்கும் போங்கள், பள்ளிவாசல் தெருவுக்கும் போங்கள். லப்பைக்குடிக்காட்டில் வளைகுடா நாடுகளுக்குப் போனவர்களின் கடிதங்கள், பச்சைமலையில் மலையாளி மக்களின் பேச்சு என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு செல்வம் உண்டு.

ஒலிப்பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேளுங்கள். பேசியவர் ‘இத எழுதாதீங்க’ என்றால் எழுதக்கூடாது. சாதிச் சண்டை, நிலத் தகராறு பற்றிச் சொன்னவரின் பெயரை வெளியிடாதீர்கள். ஒரே கதையை மூன்று வீட்டில் கேளுங்கள், மூன்றும் வேறுபடும். வேறுபாட்டை ஒழுங்குபடுத்தி ஒன்றாக்காதீர்கள்.

குலதெய்வக் கோயில்கள் இதற்கு ஏற்ற இடம். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். நாள் பார்க்காமல் போய்த் திரும்பி வராதீர்கள். கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாளுக்கு மூலவர் உருவமில்லை, ஒரு கல் கம்பம்தான். காணாமல்போன பசுவைத் தேடிப் போனவர் கண்ட கம்பம் என்று தலக்கதை சொல்லும். இராமநவமியை ஒட்டிய திருவிழாவில் விளைந்த தானியத்தைக் கொண்டுவந்து கொட்டும் குடும்பங்களிடம் எந்த ஊரிலிருந்து, எத்தனை தலைமுறையாக வருகிறீர்கள் என்று கேட்டாலே ஒரு குடிபெயர்வு வரைபடம் உருவாகிவிடும். திருமழபாடியில் பங்குனியில் நந்தி கல்யாணம். நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்பார்கள். மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார் என்று எந்தெந்த ஊர் சீர் கொண்டுவருகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மனிதருக்கு முந்தைய ஏடு

அரியலூர் மண்ணில் மண்வெட்டி போட்டால் சிப்பி வரும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இது கடல். அந்தச் சிப்பிகள் படிந்த சுண்ணாம்புக்கல்தான் இன்றைய சிமெண்ட் ஆலைகளுக்குத் தீனி. உலகத்துப் புவியியல் நூல்களில் அரியலூர், ஊட்டத்தூர் என்ற பெயர்கள் பாறை அடுக்குகளின் பெயர்களாக 1862 முதல் நிற்கின்றன. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. 1940-இல் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது. அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. முதலில் அங்கே போய்ப் பார்த்துப் பழகிக்கொண்டு ஓடைகளுக்குப் போங்கள். படிவத்தைப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், அங்கேயே விடுங்கள்.

2020-இல் குன்னத்தில் ஏரி வண்டல் எடுத்தபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று ஊரெல்லாம் பேச்சு. அறிந்தவர்கள் வந்து பார்த்துவிட்டு, அம்மோனைட் போன்ற கடலுயிர்களைச் சுற்றி இறுகிய கல்லுருண்டைகள் என்றார்கள். பலருக்கு ஏமாற்றம். எனக்கு இல்லை. முட்டையை விடக் கடல் இருந்ததற்கான சாட்சி பெரியது.

தாள்கள் எங்கே

பெரம்பலூர் 1995-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்தது. அரியலூர் 2001-இல் தனி மாவட்டமாகி, 2002-இல் மறுபடி இணைந்து, 2007 நவம்பர் 23-இல் மீண்டும் தனியானது. அதனால் பழைய ஆவணங்களில் உங்கள் ஊரை இந்த மாவட்டப் பெயர்களில் தேடினால் கிடைக்காது. திருச்சிராப்பள்ளி ஜில்லா, உடையார்பாளையம் தாலுகா, பெரம்பலூர் தாலுகா என்று தேடுங்கள். லூயிஸ் மூர் 1878-இல் எழுதிய திருச்சிராப்பள்ளி மாவட்டக் கையேடும், ஹெமிங்வே 1907-இல் எழுதிய கெசட்டியரும் தொடக்கத்துக்குப் போதும். கல்வெட்டுகளுக்கு 1887 முதல் வரும் ஆண்டறிக்கைகளையும் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளையும் பாருங்கள். பட்டியலில் உங்கள் ஊர்க் கல்வெட்டின் எண் இருந்து, சுவரில் இன்று கல் இல்லை என்றால், அதைத் தனியாகக் குறித்து வையுங்கள். திருப்பணியில் எங்கே போயிற்று என்று ஊரில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும். மடப்பள்ளிப் படிக்கட்டிலோ துணி துவைக்கும் கல்லிலோ எழுத்து தென்படலாம்.

வேலை முடிந்ததும் இரண்டு படிகள் எடுங்கள். ஒன்று உங்களிடம். இன்னொன்றை அச்செடுத்து அந்த ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியரிடமோ நூலகத்திலோ கொடுங்கள். பேசிய பெரியவர்களுக்கு அவர்கள் படத்தையும் கொடுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் ஊர், நாள், சொன்னவர் யார், எழுதியவர் யார் என்று இருக்கட்டும். பூட்டிக் கிடக்கும் கோயில் ஏதேனும் உங்கள் ஊரில் இருந்தால், குருக்களோடும் ஊர்ப் பெரியவர்களோடும் ஒருமுறை திறக்கச் சொல்லி, உள்ளே இருக்கும் ஒவ்வொரு திருமேனியின் உயரத்தையும் அளந்து, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அனுமதியோடு படம் எடுத்து, அந்தப் படங்களின் பின்னால் அன்றைய தேதியை எழுதிவிட்டு வாருங்கள்.